ராஜினாமாக் கடிதம் கொடுக்க முன்: நாவல் எழுத வேலையை விட நினைக்கும் வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. ஊர் அட்டன் பக்கம். படிக்கக் கொழும்புக்கு வந்தவர், இங்கேயே வேலை, திருமணம் என்று தங்கிவிட்டார். ஒரு விளம்பர நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் வேலை. விளம்பர வாசகங்கள் எழுதுவதும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழாக்குவதும் அவருடைய பொறுப்பு. அங்கே சேர்ந்து 4 வருடமும் 8 மாதமும் ஆகிறது. மாதச் சம்பளம் மொத்தம் 145,000 ரூபாய். அதில் அடிப்படை 90,000, மிச்சம் போக்குவரத்து, தொலைபேசி என்று பலவகைக் கொடுப்பனவுகள். கணவர் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் இருக்கிறார். அவருடைய சம்பளம் வீட்டு வாடகையோடும் சாப்பாட்டுச் செலவோடும் முடிந்துவிடுகிறது. ஏழு வயது மகளின் படிப்பும் மாமியின் மருந்தும் இவருடைய சம்பளத்தில்தான். எவ்வளவு சுருக்கினாலும் மாதம் 75,000 ரூபாய் இவர் பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும்.

இவர் சில வருடங்களாக ஒரு நாவல் எழுதி வருகிறார். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு வந்த மலையகப் பெண்கள், மூன்று தலைமுறைக் கதை. 160 பக்கம் முடிந்திருக்கிறது. முதல் சில அத்தியாயங்களைப் படித்த சென்னைப் பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது: ஒரே தடவையில் 25,000 இந்திய ரூபாய், நாவலின் 'எல்லா உரிமைகளும்' பதிப்பகத்துக்கு, முழுப் பிரதியும் 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலையோடு அது முடியாது என்று, வருகிற மாதமே ராஜினாமா செய்ய முடிவெடுத்திருக்கிறார். சேமிப்பு 6 இலட்சம். ஊழியர் சேமலாப நிதியில், முந்தைய மூன்று வருட வேலையையும் சேர்த்து, 12 இலட்சம். ஆக 18 இலட்சம். இரண்டு வருடம் தாங்கும் என்பது அவர் கணக்கு.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. வேலையை விட்டால் என்னென்ன பணம் கிடைக்கும்? நியமனக் கடிதத்தில் 'பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்துக்குச் சொந்தம்' என்று ஒரு வரி இருக்கிறது. நாவலின் ஒரு பகுதியை அலுவலக லப்டொப்பில் எழுதியிருக்கிறார். நாவல் நிறுவனத்துக்குப் போய்விடுமா? சென்னை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. நீங்கள் எழுதும் நாவலை நான் வாசிக்க விரும்புகிறேன். வெள்ளவத்தையிலும் கொள்ளுப்பிட்டியிலும் எத்தனையோ வீடுகளின் பின்பக்கத்து அறைகளில் வாழ்ந்து முடிந்த பெண்களின் கதை அது. ஆகவே, 'எழுத்து சோறு போடாது, பேசாமல் வேலையைப் பாருங்கள்' என்று சொல்ல நான் வரவில்லை. இந்த நாவல் முடிய வேண்டும், அது உங்கள் பெயரில், உங்கள் உரிமையில் வர வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உங்கள் கேள்விகளைப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில், வருகிற மாதம் ராஜினாமா என்ற திட்டம் மூன்று இடங்களில் பிழையாகிறது. மூன்றையும் திருத்த முடியும்.

பணக் கணக்கு

உங்கள் 18 இலட்சத்தில் 12 இலட்சம் இப்போது உங்கள் கைக்கு வராது. ஊழியர் சேமலாப நிதி ஓய்வுகாலத்துக்காக வைக்கப்படுவது. வேலையை விட்டதும் அதை எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆக வேண்டும். அதற்கு முன் எடுக்கச் சில விதிவிலக்குகள் உண்டு: நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவது, வேலை செய்ய முடியாத நிரந்தர இயலாமை, ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்வது போன்றவை. 'பெண்கள் எடுக்கலாமாம்' என்று சக ஊழியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்களுக்கு அப்படி ஒரு வழி இருப்பது உண்மைதான். அவர் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். திருமணமாகி எட்டு வருடம் கழித்து, நாவல் எழுத விலகும் உங்களுக்கு அது பொருந்தாது. வேலையில் இருக்கும்போதே 30 சதவீதம் எடுக்கும் திட்டமும் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு 10 வருடப் பங்களிப்பு வேண்டும்; வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ மட்டும்தான் தருவார்கள்.

சரி, அந்தப் பணம் எங்கேயும் போய்விடாது. வட்டியோடு உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் இந்த இரண்டு வருடத்துக்கு அதை நம்ப முடியாது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 6 இலட்சம். மாதம் 75,000 வீதம் எட்டே மாதம்.

அடுத்தது பணிக்கொடை. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடச் சேவையை முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். நிறுவனம் நிறுத்தினாலும் நீங்களாகவே விலகினாலும் அது உரியதுதான். உங்கள் நிறுவனத்தில் நாற்பது பேரளவில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆகவே சட்டம் பொருந்தும். கணக்கில் எடுப்பது அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படி போன்றவையும்தான். போக்குவரத்து, தொலைபேசிக் கொடுப்பனவுகளைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் 90,000 ரூபாய்க்கு அரை மாதம் 45,000, ஐந்து வருடத்துக்கு 225,000.

நீங்கள் நினைத்தபடி வருகிற மாதம் விலகினால் இதில் ஒரு சதமும் கிடைக்காது. சட்டம் 'முடித்த' வருடங்களைத்தான் பார்க்கிறது. இன்னும் நான்கு மாதம் இருந்தால் முழுத் தொகையும் உங்களுடையது. ராஜினாமாக் கடிதத்தையும் ஐந்து வருடம் நிறைந்த பிறகே கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்து, 'இன்றைக்கே போகலாம்' என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் வீண் வழக்கு. நியமனக் கடிதத்திலுள்ள சேர்ந்த தேதியை இன்றே பாருங்கள். பயிற்சிக்காலம் என்று முதல் ஆறு மாதத்தைக் கழிக்கப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள், அதுவும் சேவைதான். விலகி 30 நாளுக்குள் பணிக்கொடை தரப்பட வேண்டும். தராவிட்டால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எஃப்., வேறு கதை. தொழில்தருநர் மட்டும் மாதம் 3 சதவீதம் செலுத்துவது அது. வேலையை விட்டதும் அதை எடுக்கலாம். ஒரு தடவை எடுத்தால் அடுத்ததுக்கு 5 வருடம் இடைவெளி வேண்டும். முந்தைய வேலையை விட்டபோது எடுத்தீர்களா என்று பாருங்கள். உங்கள் சம்பளத்துக்கு அதில் ஒன்றரை இலட்சத்தளவில் இருக்கலாம்.

ஆக, நான்கு மாதம் பொறுத்தால் 6 இலட்சம், 225,000, ஏறக்குறைய 150,000. கூட்டினால் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாதம் 75,000 வீதம் பதின்மூன்று மாதம். இரண்டு வருடம் இல்லை. ஆனால் ஒரு நாவலை முடிக்கப் பதின்மூன்று மாதம் நல்ல காலம்தான். அது முடிந்ததும் வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில், நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் நாவல் எழுதி அந்த வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது மிகமிக அரிது. சென்னைப் பதிப்பகம் வழக்கமான 10 சதவீத ரோயல்டி தருவதாகவே வைப்போம். 400 இந்திய ரூபாய் விலையுள்ள புத்தகம் 500 பிரதி விற்றால் உங்கள் பங்கு 20,000 இந்திய ரூபாய், நம் பணத்தில் எழுபதாயிரம் அளவில். உங்கள் வீட்டுக்கு ஒரு மாதச் செலவுக்கும் போதாது. இங்கே அச்சடித்தால் பெரும்பாலும் செலவு எழுத்தாளருடையது. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தில் வெளியீட்டு விழா வைத்து, சிறப்புப் பிரதி வாங்குபவர்களை நம்பி அச்சகத்துக் கடனை அடைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் நம் எழுத்தாளர்களில் மிகப் பலர் வேறு தொழில் பார்த்தபடியே எழுதினார்கள். செங்கை ஆழியான் இலங்கை நிர்வாக சேவை அதிகாரி, அ. முத்துலிங்கம் கணக்காளர். வேலை பார்ப்பதால் நீங்கள் 'முழு எழுத்தாளர்' ஆகவில்லை என்ற குறையுணர்ச்சி உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதைத் தயவுசெய்து இறக்கி வையுங்கள்.

உங்கள் நேரம் எங்கே போகிறது

கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த பகுதி இதுதான். வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. ஆனால் கிழமையில் நான்கு நாள் எட்டு, எட்டரை வரை இருக்க வேண்டி வருகிறது. சனிக்கிழமையும் வட்ஸ்அப்பில் 'சின்னத் திருத்தம்' என்று வந்துகொண்டே இருக்கும். மேலதிக நேரச் சம்பளம் தந்ததே இல்லை. இந்த வருடம் வருடாந்த லீவில் ஐந்து நாள்தான் எடுத்திருக்கிறீர்கள்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், நான்கு நாள். கிழமைக்குப் பன்னிரண்டு மணி நேரம். சகோதரி, உங்கள் நாவலின் நேரம் இதுதான். சட்டப்படி உங்களுக்குச் சொந்தமான மணித்தியாலங்களை நிறுவனம் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவற்றைத் திரும்பப் பெறச் சம்பளத்தையே விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். மேலதிக நேரத்துக்கும் எல்லை உண்டு: கிழமைக்கு 12 மணி நேரம். முதல் வருடத்துக்குப் பிறகு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. அந்த 14 நாளில் ஏழு நாளைத் தொடர்ச்சியாக எடுக்கவும் உரிமை இருக்கிறது. உங்கள் பதவிப் பெயரில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று இருப்பதால் மேலதிக நேரம் பொருந்தாது என்று நிறுவனம் வாதிடலாம். நிறைவேற்றுத் தரத்தில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கு உண்டு. ஆனால் பதவிப் பெயர் மட்டும் விஷயத்தைத் தீர்க்காது. நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன, உங்களுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா, உங்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும்.

வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. இன்னும் நான்கு மாதம் அங்கே அமைதியாக இருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்கிறது. அதனால் மெதுவாகத் தொடங்குங்கள். இன்று முதல் வந்த நேரம், போன நேரம், யார் சொல்லி இருந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். சனிக்கிழமைச் செய்திகளை அழிக்காதீர்கள். பிறகு மேலாளருக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல்: 'மகளின் படிப்பு காரணமாகச் செவ்வாய், வியாழன் இரு நாளும் 5.30க்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவசர வேலை இருந்தால் முதல் நாளே சொன்னால் ஒழுங்கு செய்துகொள்வேன்.' எல்லா நாளையும் ஒரேயடியாகக் கேட்டால் மறுப்பு வரும். இரண்டு நாளைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அப்புறம், மிச்சமிருக்கும் ஒன்பது நாள் லீவில் ஏழு நாளைச் சேர்த்து எடுங்கள். அந்த ஏழு நாளில் எழுதிப் பாருங்கள். முழு நாளும் நாவலோடு இருப்பது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது ராஜினாமாவுக்கு முன்பே தெரிந்துவிடும். சிலருக்கு முழு நாளும் கிடைத்தால் எழுத்து ஓடாது. காலை இரண்டு மணி நேரத்தில்தான் ஓடும். நீங்கள் எந்த வகை என்று உங்களுக்கே இன்னும் தெரியாது.

நிறுவனம் உங்களை விட விரும்பாவிட்டால் வேறு பேச்சும் பேசலாம். ஐந்து வருடம் முடிந்த பிறகு கிழமைக்கு மூன்று நாள் வேலை, அல்லது ஆறு மாதம் சம்பளமற்ற லீவு. சுதந்திரமாக, வேலைக்கு ஏற்பக் கூலி என்ற முறைக்கு மாறச் சொன்னால் யோசியுங்கள்: சேமலாப நிதிக்கு அவர்கள் செலுத்தும் 12 சதவீதமும் நம்பிக்கை நிதியின் 3 சதவீதமும் அன்றோடு நின்றுவிடும். அந்த 15 சதவீதத்தையும் சேர்த்துத்தான் உங்கள் கூலியைக் கேட்க வேண்டும்.

நாவல் யாருடையது

இதில் நீங்கள் தேவைக்கு மேல் பயந்திருக்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். ஊழியர் தன் வேலையின் ஒரு பகுதியாகப் படைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அது தொழில்தருநருக்குச் சொந்தம். நீங்கள் எழுதிய சவர்க்கார விளம்பரமும் வங்கித் துண்டுப்பிரசுரமும் அந்த வகை. நாவல் அப்படியில்லை. உங்களை நாவல் எழுத யாரும் நியமிக்கவில்லை.

ஆனால் உங்கள் வேலையே தமிழில் எழுதுவதுதான், நியமனக் கடிதத்திலும் 'அனைத்துப் படைப்புகளும்' என்று அகலமாக எழுதியிருக்கிறது. ஒரு கணக்காளர் நாவல் எழுதினால் எழாத கேள்வி உங்களுக்கு எழலாம். அலுவலக லப்டொப்பில் எழுதியதால் மட்டும் உரிமை கைமாறாது. ஆனாலும் அது வாதத்துக்கு இடம் கொடுக்கும் சான்று. ஆகவே அந்தக் கோப்பை இந்தக் கிழமையே உங்கள் சொந்தக் கணினிக்கு மாற்றுங்கள். அலுவலகக் கோப்பு ஒன்றையும் தவறியும் கூட எடுக்காதீர்கள். இனி ஒரு வரிகூட அங்கே எழுத வேண்டாம், மதிய இடைவேளையில்கூட. பழைய கையெழுத்துக் கொப்பிகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் சேர முன் எழுதிய பக்கங்கள் தேதியோடு இருந்தால் அவை பொன்.

அதோடு மனிதவளப் பிரிவிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: 'மேற்படி ஊழியர் அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதும் புனைகதைகள் அவருடைய நியமனத்தின் கீழ் வரும் படைப்புகள் அல்ல என்பதையும், அவற்றை அவர் தன் பெயரில் வெளியிடுவதில் நிறுவனத்துக்கு ஆட்சேபமில்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.' நல்ல உறவில் இருக்கும்போது இரண்டு நிமிடத்தில் கையெழுத்தாகும். ராஜினாமா கொடுத்த பிறகு கேட்டால் மேசைக்கு மேசை அலையும். வெளி வேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்ற வரியும் உங்கள் நியமனக் கடிதத்தில் இருப்பதால், ரோயல்டி பெறுவதற்கும் இதே கடிதம் பாதுகாப்பாக இருக்கும்.

பதிப்புரிமையைப் பதிவு செய்ய எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, அப்படிப் பதியும் முறையும் இல்லை. எழுதிய கணமே பாதுகாப்பு தொடங்கி, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும் நீடிக்கும். உங்களுக்கு நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்வதால் புதிதாக எந்த உரிமையும் வந்துவிடாது. ஐ.எஸ்.பி.என். எண் உரிமைப் பதிவு இல்லை. அது நூலை அடையாளம் காட்டும் எண். இங்கே அச்சடிப்பதானால் கொழும்பு 7இலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம். எழுத்தாளர்களுக்கான நூல் வெளியீட்டு உதவித் திட்டத்தைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

சென்னை ஒப்பந்தம்

இப்போது இருக்கும் வடிவத்தில் கையெழுத்திட வேண்டாம். 25,000 இந்திய ரூபாய்க்கு நீங்கள் கொடுப்பது ஒரு புத்தகத்தின் அச்சுரிமையை மட்டுமல்ல. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல், திரைப்படம், தொடர், உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள முழுக் காலத்துக்கும். நாளை இந்த நாவலைச் சிங்களத்தில் கொண்டுவர யாராவது விரும்பினால் (உங்கள் கதைக்கு அது அவசியம் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்), நீங்கள் சம்மதம் சொல்ல முடியாது. சென்னையில்தான் கேட்க வேண்டும். பணமும் அங்கேதான் போகும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எழுத்தாளருக்குச் சாதகமான சில ஏற்பாடுகள் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் அது 5 வருடம். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, அந்த உரிமை மீண்டும் எழுத்தாளருக்கே. உங்கள் ஒப்பந்தத்தில் காலத்தையும் இடத்தையும் அவர்கள் தெளிவாக எழுதிவிட்டதால் அந்த இரண்டு பாதுகாப்பும் உங்களுக்குக் கிடைக்காது. தகராறு வந்தால் சென்னை நீதிமன்றம் என்றும் இருக்கிறது. தெஹிவளையிலிருந்து அங்கே வழக்காடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் பாதுகாப்பு முழுவதும் ஒப்பந்த வாசகத்திலேயே இருக்க வேண்டும்.

பதிப்பகம் ஏமாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் அனுப்பும் படிவத்தைத்தான் உங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். திருத்தம் கேட்பது வழக்கம்தான், கேட்டதற்காக யாரும் நாவலை நிராகரிக்க மாட்டார்கள். அப்படி நிராகரிப்பவரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. 6 மாதம் என்ற கெடுவும் அவர்கள் வசதிக்குப் போட்டது. அந்த ஒரு வரிக்காகவா 225,000 ரூபாய் பணிக்கொடையை விடுவது?

இன்னும் ஒரு சின்ன விஷயம். ஓர் அத்தியாயத்தில் வரும் மேலாளர் 'அப்படியே எங்கள் மேலாளர்தான், பெயரை மட்டும் மாற்றினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றுவது போதாது. அவதூறு இலங்கையில் 2002க்குப் பிறகு குற்றவியல் வழக்கு ஆகாது. ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். தெரிந்தவர்கள் வாசித்ததும் ஆளை அடையாளம் காண முடிந்தால் அதுவே போதும். வயது, ஊர், பேச்சு வழக்கம், அலுவலகம் எல்லாவற்றையும் கலைத்து வேறொரு மனிதரை உருவாக்குங்கள். வாடிக்கையாளர் நிறுவனங்களின் உள்விவகாரம் ஏதும் அந்த அத்தியாயத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகும் இரகசியம் காக்கும் கடமை தொடரும்.

கணவர் 'உன் விருப்பம்' என்று சொன்னதோடு நிறுத்திவிட்டார், கோபமா சம்மதமா தெரியவில்லை என்கிறீர்கள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனால் அவரும் கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர். மேலே சொன்ன பதின்மூன்று மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். பதினான்காம் மாதம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற வரியும் அதில் இருக்கட்டும். 18 இலட்சம் என்ற பழைய கணக்கைக் கேட்டு அவர் பேசாமல் இருந்திருந்தால், அதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

பதிப்பகத்துக்கு இந்தக் கிழமையே பதில் அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று தொடங்கி, நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: உரிமை தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும், 5 வருடத்துக்கு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் எழுத்தாளரிடமே; 25,000 ரூபாய் முன்பணமாக, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 10 சதவீத ரோயல்டி, வருடத்துக்கு ஒருமுறை கணக்கு; பிரதி ஒப்படைக்க 15 மாதம்; ஒப்படைத்து ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களுக்கே. இலங்கையில் தனிப் பதிப்பு கொண்டுவரும் உரிமையையும் கேட்டுப் பாருங்கள்; அது கிடைத்தால் புத்தகத்தை இங்கே வாங்கக்கூடிய விலையில் நீங்களே கொண்டுவரலாம். திருத்திய ஒப்பந்தம் வந்ததும், கையெழுத்திட முன் நியமனக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். மனிதவளப் பிரிவின் கடிதத்தை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம், திங்கட்கிழமையே கேளுங்கள்.